சீரங்கனுக்கு எந்த ஊர்?

என்னிடம் வேலை பழகிய பெண் ஒருத்தி இப்போது சென்னையில் ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் நடிகர் தேர்வைப் பார்த்துக்கொள்கிறாள். போன மாதம் போன் செய்தாள். அவர்களுடைய புதிய செயலியில் ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு பக்கம் உண்டாம். உயரம், தெரிந்த மொழிகள், நீச்சல் தெரியுமா, பைக் ஓட்டத் தெரியுமா என்று வரிசையாகக் கேள்விகள். கடைசியில் ‘சொந்த ஊர்’ என்று ஒரு கட்டம். அதன் பக்கத்தில் ‘உறுதி செய்யப்பட்டது’ என்று இன்னொரு சின்னக் கட்டம். அதில் டிக் போடாமல் அடுத்த பக்கம் திறக்காது.

“இத எப்படிக்கா உறுதி பண்றது? அவங்க சொல்றதத்தானே போட முடியும்?” என்று கேட்டாள்.

அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். போனை வைத்த பிறகு அந்தக் கட்டம் மனதைவிட்டுப் போகவில்லை. அப்படி ஒரு டிக் போடுவதற்காக நான் கொல்லிமலைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கியிருக்கிறேன். கடைசிவரை போடவில்லை. அவளுக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மலையில் அந்த ஊர் எது என்று சொல்லப் போவதில்லை. யாரும் தேட வேண்டாம்.

நான் ராசிபுரத்துக்காரி. சேலத்தில் ஒரு நாளிதழில் நிருபராகத்தான் தொடங்கினேன். சாலை விபத்து, நகராட்சிக் கூட்டம், மனுநீதி நாள் என்று பல வருடங்கள் ஓடின. அங்கே எங்கள் செய்தி ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது இரண்டே விஷயம். ஒன்று, எந்தச் செய்திக்கும் இரண்டு பேர் வேண்டும், அந்த இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டிருக்கக் கூடாது. இன்னொன்று, மூன்று பேர் ஒரே வார்த்தையில் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதை ஒருவர் சொன்னதாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பத்திரிகையில் ஆள் குறைத்தபோது நான் சென்னைக்குப் போய் ஒரு டிவி தொடர் கம்பெனியில் கதைக்குத் தகவல் சேகரிக்கும் வேலையில் சேர்ந்தேன். அங்கிருந்து வேதமூர்த்தி சார் என்னை நடிகர் தேர்வுக்கு இழுத்துக்கொண்டார். ஓய்வு பெறும்வரை அந்த வேலைதான்.

வேதமூர்த்தி சாரைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. சாலிகிராமத்தில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். வருகிற நடிகர் யாராக இருந்தாலும் வராந்தா பெஞ்சில் உட்கார வைத்து டீ கொடுப்போம். சார் உள்ளே கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு மின்கட்டண ரசீதைப் படிப்பது போல உட்கார்ந்திருப்பார். காத்திருக்கும் அந்த நேரம்தான் தேர்வு என்பது பெஞ்சில் இருப்பவருக்குத் தெரியாது. அந்த ஆளின் புகைப்படம் மேஜைமேல் குப்புறக் கிடக்கும். அழைத்த பிறகும் வசனம் கொடுக்க மாட்டார். “வரும்போது பஸ்ல பக்கத்துல யாரு உக்காந்திருந்தா?” என்பதுதான் முதல் கேள்வி. வேறு எதையெதையோ பேசிவிட்டு அதையே மறுபடி கேட்பார். முதலில் சொன்னதையே அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொன்னால், மனப்பாடம் என்று முடிவு செய்துவிடுவார். இரண்டு தடவையும் வேறு வேறாகச் சொன்னால் எது நிஜம் என்று கேட்பார். அதற்கு என்ன பதில் வருகிறது என்பதில்தான் அவருக்கு அக்கறை.

அவர் யாரையும் நல்லா பண்றீங்க என்று சொல்லி நான் கேட்டதில்லை. பிடித்திருந்தால் அன்று சாயங்காலம் அந்தப் புகைப்படத்தைத் திருப்பி முகம் மேலே தெரிகிற மாதிரி வைப்பார். அவ்வளவுதான். நாங்கள் ஒப்பந்தம் தயார் செய்யத் தொடங்குவோம்.

என் பங்கு இன்னொன்று. வாசலில் கழற்றிவிட்ட செருப்பை நான் பார்க்க வேண்டும். “மூஞ்சியத் தயார் பண்ணிட்டு வருவாங்க. செருப்ப யாரும் தயார் பண்ண மாட்டாங்க” என்பார் சார். ஏழை விவசாயி வேடத்துக்கு வந்தவர் அழுக்குச் சட்டையோடு உள்ளே இருப்பார், வெளியே புதுத் தோல் ஷூ பளபளக்கும். அதில் தப்பில்லை. ஆனால் அவர் நம்மை எந்த அளவுக்கு முட்டாளாக நினைக்கிறார் என்று அதில் தெரிந்துவிடும். பத்திரிகை வேலை என்னைச் சந்தேகப்படப் பழக்கியிருந்தது. இந்த வேலை அதற்குச் சம்பளமும் கொடுத்தது.

இனி சீரங்கன் விஷயம்.

ஓய்வுக்குச் சில வருடங்களுக்கு முன்பு ஒரு இணையத் தொடர் வந்தது. கொல்லிமலையிலிருந்து குடகு காபித் தோட்டத்துக்குப் பிழைக்கப் போன குடும்பங்களின் கதை. அதில் முக்கிய வேடம் ஒரு கிழவர். சின்ன வயதில் அப்பாவோடு மலையைவிட்டுப் போனவர், அறுபது வருடம் கழித்துத் திரும்பி வருகிறார். ஊர் அவரைத் தெரியாது என்கிறது. தயாரிப்பாளர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள், அந்த வேடத்தில் மலைக்காரர்தான் நடிக்க வேண்டும் என்று. அதற்கு முந்தைய தொடரில் சென்னை நடிகருக்குக் கறுப்புப் பூசி மலைவாசி ஆக்கியதற்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். விளம்பரப் பிரிவுப் பெண் ஒவ்வொரு கூட்டத்திலும் “ஒரிஜினல் வேணும் சார், ஒரிஜினல்” என்பாள். அந்த ஒரிஜினலை மலைமேல் நிற்க வைத்துப் போஸ்டர் எடுப்பது வரை திட்டம் தயாராக இருந்தது.

சீரங்கனை எங்களுக்கு முன்பே தெரியும். எழுபதை நெருங்கியவர். தர்மபுரி, சேலம் பக்கம் மேடை நாடகத்தில் வளர்ந்து சின்னத்திரைக்கு வந்தவர். எங்கள் தொடர்களில் வாட்ச்மேன் என்றால் அவர்தான். பூசாரி, டீக்கடைக்காரர் என்று வருவார், இரண்டு மூன்று தடவை பிணமாகவும் படுத்திருக்கிறார். கதையில் ஒரு பெயர்கூட இருக்காது அவருக்கு. எங்களிடம் இருந்த அத்தனை பதிவிலும் அவர் சொந்த ஊர் ராசிபுரம். என் ஊர்க்காரர் என்று நானே அவரிடம் பேசியிருக்கிறேன்.

நிபந்தனை வெளியே தெரிந்த வாரத்தில் அவர் அலுவலகத்துக்கு வந்தார். “எனக்குத் திருப்புலி நாடுங்க. மலையிலதான் பொறந்தேன்” என்றார். கொல்லிமலையில் பல ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்.

இத்தனை வருடம் சொல்லாத ஊர், பெரிய வேடம் வந்ததும் நினைவுக்கு வருகிறது. என் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியே போய்ச் செருப்பைப் பார்த்தேன். பழுப்புத் தோல் செருப்பு. இடது கட்டைவிரல் வளையம் அறுந்து, நீல நைலான் நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தது. செருப்புத் தைப்பவர் போட்ட தையல் இல்லை, அவரே போட்டது.

சார் பஸ் கேள்வியைக் கேட்டார். “யாருமே உக்காரலீங்க. கெழவன் பக்கத்துல எவன் உக்காருவான்” என்றார் சீரங்கன். அரை மணி கழித்து மறுபடி கேட்டபோது, மீன் கூடை வைத்திருந்த ஒரு அம்மா உட்கார்ந்ததாகச் சொன்னார். அந்த அம்மா இவர்மேல் சாய்ந்து தூங்கியதைக்கூடச் சொன்னார்.

“எதுங்க நெசம்?” என்றார் சார்.

“நான் ஆட்டோல வந்தேங்க.”

சார் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். அன்று சிரித்தார். ஆனால் புகைப்படம் குப்புறவே இருந்தது. “இவன் நடிப்பான். ஆனா அவங்க கேக்கறது நடிப்ப இல்ல. நீ போய் ஊரக் கேட்டுட்டு வா” என்றார்.

புறப்படும் முன் சீரங்கனை உட்கார வைத்து எல்லாம் கேட்டேன். அப்பா அவரை மட்டும் கூட்டிக்கொண்டு குடகுக்குப் போனார், அண்ணன் காளியப்பன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு மலையிலேயே இருந்தார், அப்பா தோட்டத்தில் இறந்ததும் இவர் நாடகக் கம்பெனியோடு போய்விட்டார் என்றெல்லாம் சொன்னார். சரியான இடங்களில் நிறுத்தி, சரியான இடங்களில் தொண்டை அடைத்துச் சொன்னார். தொடரின் கதைச் சுருக்கம் அந்த வாரம்தான் நடிகர்களுக்கெல்லாம் போயிருந்தது. இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

ராசிபுரத்தில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, சேகர் என்ற டிரைவரோடு மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சி வழியாக ஏறினேன். மலைமேல் செம்மேட்டில் அன்று சந்தை நாள். டீக்கடையில் நின்று கடைக்காரரிடம் ஊரைச் சொல்லி, காளியப்பன் தம்பி சீரங்கன் என்று ஒருவரைத் தெரியுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே காரைப் பார்த்தார். “அப்புடி ஒருத்தர் இங்க இல்லீங்க அம்மணி. வேற நாட்டுல கேட்டுப் பாருங்க” என்றார்.

அந்த ஊருக்குப் போகும் வழியெல்லாம் மரவள்ளியும், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடியும். மண் ரோடு முடிகிற இடத்தில் ஒரு சிமென்ட் வளைவு வந்தது. அதற்கு மேல் ஊருக்குள் சிமென்ட் ரோடு. வளைவுக்குப் பக்கத்தில் அம்மன் கோயில், ‘இங்கே செருப்பைக் கழற்றவும்’ என்று ஒரு பலகை. அம்மன் எல்லைக்குள் அந்த ஊரில் யாரும் செருப்புப் போடுவதில்லை. வளைவுக்கு வெளியே பத்துப் பதினைந்து ஜோடிகள் கிடந்தன. நானும் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ரேஷன் கடையில் எடை போடுபவரிடம் கேட்டேன். “அப்புடி ஒருத்தர் இங்க இல்லீங்க அம்மணி. வேற நாட்டுல கேட்டுப் பாருங்க.”

காளியப்பன் வீடு கோயிலிலிருந்து நாலைந்து வீடு தள்ளி இருந்தது. பெரியவர் வாசலில் மிளகைக் காயவைத்துக்கொண்டிருந்தார். வலது காலைச் சற்று இழுத்து நடப்பார். கூட அவர் மகன் முருகேசன், நாற்பது வயதிருக்கும். நான் சினிமா வேலையாக வந்திருப்பதாகச் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை.

“எனக்குத் தம்பி கெடையாதுங்க” என்றார் பெரியவர். பிறகு, மகனைப் பார்த்துவிட்டு, “அப்புடி ஒருத்தர் இங்க இல்லீங்க அம்மணி. வேற நாட்டுல கேட்டுப் பாருங்க” என்றார்.

மூன்று பேர், ஒரே வார்த்தைகள். சேலத்துச் செய்தி ஆசிரியர் பக்கத்தில் நிற்பது போல இருந்தது. செம்மேட்டிலிருந்து எனக்கு முன்னால் ஒரு போன் ஏறி வந்திருக்க வேண்டும். பேசிவைத்துக்கொண்டு ஒருவரை இல்லை என்பவர்களுக்கு அவரைத் தெரியும் என்றுதான் அர்த்தம். அல்லது எந்த அந்நியர் வந்து யாரைக் கேட்டாலும் இதுதான் பதில் என்றும் இருக்கலாம். இரண்டில் எது என்று அந்த வாசலில் நின்று கண்டுபிடிக்க முடியாது.

இறங்கும்போது சேகர் சொன்னான். நான் ஊருக்குள் இருந்தபோது அவனைச் சுற்றி இரண்டு பேர் நின்று, எந்த ரிசார்ட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்களாம்.

“நம்மள நெல புரோக்கர்னு முடிவு பண்ணிட்டாங்கக்கா. வெளியூர் போன பங்காளியத் தேடிப் புடிச்சு, கையெழுத்து வாங்கி, எடத்த வளைக்கிறாங்களாம். காருல வந்து பேரக் கேட்டா வேற என்ன நெனப்பாங்க?”

அவர்கள் சந்தேகத்துக்கும் காரணம் இருந்தது. அப்பா வழி நிலத்தில் தம்பி என்று ஒருவர் உயிரோடு இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கை எழுதி வாங்கக் கீழே ஆட்கள் அலைகிறார்கள். தம்பி இல்லாதவரை மிளகுத் தோட்டம் முருகேசனுடையது.

சாருக்கு போனில் சொன்னேன். “அவனையே கூட்டிட்டுப் போ. நீ வாயத் தெறக்காத. எங்க தடுமாறுறான்னு மட்டும் பாரு” என்றார்.

சீரங்கன் வருவதற்குத் தயங்கினார். ஊர் என்ன சொன்னது என்று கேட்டார். சொன்னேன். அவர் முகத்தில் பெரிய மாற்றமில்லை. “சரிங்க, வாரேன். ஆனா என்னைய யாருன்னு சொல்லாதீங்க. படம் புடிக்க எடம் பாக்க வந்த ஆளுன்னு சொல்லுங்க” என்றார். மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுபவர் கேட்கிற சலுகை மாதிரித்தான் எனக்கு அது பட்டது.

முள்ளுக்குறிச்சியில் டீ குடித்தோம். அப்பாவோடு இதுவரைக்கும் நடந்து வந்துதான் பஸ் ஏறியதாகச் சொன்னார். நல்ல வசனம் என்று நினைத்துக்கொண்டேன்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஊருக்கு இன்னும் நல்ல தூரம் இருக்கும்போது, ஒரு திருப்பத்தில் பெரிய பலாமரம் ஒன்று வந்தது. “இங்க நிறுத்துங்க, நடந்து போலாம்” என்றார். இறங்கினார். செருப்பைக் கழற்றி, பலாமரத்து வேரோரம் ஒன்றாகச் சேர்த்து வைத்தார். பிறகு சிவப்புச் சேற்றில் வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தார்.

அங்கே பலகை இல்லை, கோயில் இல்லை. சாலையோரத்தில் ஒரு மரம், அவ்வளவுதான். எதற்கு இங்கேயே கழற்றினீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். சார் பேசாதே என்றிருந்தார். நான் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்கிறார் என்று தோன்றியது. என் செருப்பைப் போட்டபடியே சேற்றைத் தாண்டித் தாண்டி நடந்து, சிமென்ட் வளைவில் கழற்றினேன். அங்கே கால் கழுவ ஒரு குழாய் இருந்தது. நான் கழுவிக்கொண்டேன். அவர் குழாய்ப் பக்கம் திரும்பாமல் உள்ளே போய்விட்டார்.

இந்தத் தடவை பெரியவர் வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். முருகேசன் கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றான். படப்பிடிப்புக்கு இடம் பார்க்க வந்திருக்கிறோம் என்றேன். பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. சீரங்கன் முகத்தையும் பார்க்கவில்லை. அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணுக்காலுக்கு மேல்வரை சிவப்புச் சேறு. வளைவிலிருந்து வீடுவரை சிமென்ட் ரோடுதான். அங்கே அந்தச் சேறு ஒட்ட வழியில்லை.

“செருப்ப எங்கீங்க உட்டீங்க?”

“பலாமரத்துக்கிட்டீங்க.”

உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது.

“எல்லை இப்ப அங்க இல்லீங்க” என்றார் பெரியவர். “அது அந்தக் காலத்துல. ரோடு போட்டப்ப அம்மனை மேல கொண்டாந்துட்டோம். எம்பையனுக்கே அது தெரியாது.”

“எனக்குத் தெரியலீங்க. வழியில யாரோ சொன்னாங்க” என்றார் சீரங்கன்.

வழியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் யாரையும் பார்க்கவேயில்லை.

முருகேசன் கட்டிய கையைப் பிரித்தான். “ஏனுங்க பெரியவரே, உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க?” என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். ஆனால் மலையில் அவன் நிற்கிற மண்ணே அந்தக் கேள்வியில் இருந்தது. அந்தப் பதிலில்தான் சீரங்கனின் வேடமும் இருந்தது. இந்த ஊர் என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் போதும். நான் கீழே இறங்கி டிக் போட்டுவிடுவேன். முப்பது வருட வாட்ச்மேனுக்கு முதல் தடவையாக ஒரு கதையில் பெயர் கிடைக்கும்.

சீரங்கன் நாற்காலியில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். முகம், குரல், உட்காரும் விதம் எல்லாம் நொடியில் மாறியது. அவர் நடித்ததிலேயே நான் மிக அருகிலிருந்து பார்த்தது அதுதான்.

“எனக்கு ராசிபுரங்க. கீழதான் பொறந்து வளந்ததெல்லாம். மலைக்கு இப்பத்தான் மொதத் தடவ வாரேன். குளிரு தாங்க முடியலீங்களே, எப்புடித்தான் இருக்கறீங்களோ.”

முருகேசன் தோள் தளர்ந்தது. சிரித்தான். “பழகிட்டா ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லி, காபி கொண்டுவர உள்ளே போனான்.

அவன் போனதும் பெரியவர் எழுந்தார். காலை இழுத்துக்கொண்டு தொட்டிக்குப் போய் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து சீரங்கன் முன்னால் வைத்தார். “காலக் கழுவிக்கங்க. சேறு காஞ்சா வெடிக்கும்” என்றார். சீரங்கன் குனிந்து கழுவினார். நீண்ட நேரம் கழுவினார். நிமிரும்போது காபி வந்துவிட்டது. மழையைப் பற்றியும் மிளகு விலையைப் பற்றியும் பேசினார்கள். விளையாட்டுக்குக்கூட யாரும் வேறொன்றும் கேட்கவில்லை.

புறப்பட்டபோது பெரியவர் வளைவு வரை வந்தார். அங்கே கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டார். டயரில் வெட்டிய கறுப்புச் செருப்பு, காலை இழுப்பதால் வலது குதிகால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. பழக்கதோஷத்தில் அதையும் பார்த்துவைத்தேன். அதற்கு மேல் அவர் வரவில்லை. நாங்கள் திருப்பத்தில் மறையும்வரை நின்றுகொண்டிருந்தார்.

காரில் சீரங்கன் சொன்னார். “அம்மணி, மலைக்காரன்னு எழுதீராதீங்க. போஸ்டர்ல ஊரப் போட்டா நாளைக்கே நாலு காரு அவுங்க ஊட்டு வாசல்ல நிக்கும். அந்த வேசம் வேற யாருக்காச்சும் போகட்டும்.”

எனக்கு அப்போதும் முழுதாக நம்பிக்கை வரவில்லை என்று சொன்னால் வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் அதுதான் நடந்தது. வேண்டாம் என்று சொல்லியே வேடத்தை வாங்கும் நடிகர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பலாமரத்து எல்லை பற்றி மலைக்காரர் யாரிடமாவது முன்பே கேட்டு வைத்திருக்கலாம். அப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். பலாமரத்துக்கிட்டே சேகர் வண்டியை நிறுத்தினான். சீரங்கன் இறங்கிச் செருப்பைக் கையில் எடுத்தார். போட்டுக்கொள்ளவில்லை. கையில் வைத்தபடியே வண்டிக்குள் ஏறி, முள்ளுக்குறிச்சி வரை மடியிலேயே வைத்திருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் சார் கேட்டார். “ஊர் என்ன சொல்லுது?”

“இல்லைங்குது சார்.”

“அவன்?”

“அவரும் இல்லைங்கிறார்.”

“நீ?”

செருப்பை எங்கே கழற்றினார் என்பதைச் சொன்னேன். காலில் இருந்த சேற்றைச் சொன்னேன். நிலத்தைப் பற்றிச் சொன்னேன். நான் என்ன நினைக்கிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்டது அதைத்தான் என்றாலும். சார் மின்கட்டண ரசீதை மடித்து வைத்தார். மேஜைமேல் குப்புறக் கிடந்த புகைப்படத்தைத் திருப்பினார்.

தயாரிப்பாளர்கள் கூட்டத்தில் அவர் பேசியது இரண்டே வாக்கியம். மலைக்காரர் யாரும் கிடைக்கவில்லை. ராசிபுரத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரைப் போடவில்லை என்றால் நான் இந்தத் தொடரில் இல்லை. பெரிய சண்டை நடந்தது. விளம்பரப் பிரிவுப் பெண் அழுதேவிட்டாள். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் போஸ்டரில் சீரங்கன் முகம் வரவில்லை. தோட்டத்தின் படத்தைப் போட்டார்கள்.

தொடர் வந்ததும் எதிர்பார்த்தது நடந்தது. மறுபடியும் கீழ்நாட்டுக்காரரையே மலைக்காரராக்கிவிட்டார்கள் என்று பலர் எழுதினார்கள். ஒரு விமர்சகர் தவறுகளைப் பட்டியல் போட்டிருந்தார். அதில் ஒன்று இது. கிழவர் ஊருக்குத் திரும்பும் காட்சியில் கோயிலுக்கு வெகுதூரம் முன்பே, யாருமில்லாத சாலைத் திருப்பத்தில் செருப்பைக் கழற்றுகிறார், மலை வழக்கம் தெரியாத வெளியூர் நடிகரின் மிகை நடிப்பு. இயக்குநரோடு வாதாடி சீரங்கனே வைத்துக்கொண்ட காட்சி அது. போனில் அவருக்குப் படித்துக் காட்டினேன். “நல்லாத்தான் எழுதியிருக்காருங்க” என்றார்.

ஒரு வருடம் போயிருக்கும். வேறொரு வேலைக்காகக் கூப்பிட்டபோது, நாமக்கல் பக்கம் பதிவு ஆபீசுக்கு வந்திருப்பதாகச் சொன்னார்.

“என்னங்க விஷயம்?”

“பங்கு வேண்டாம்னு ஒரு கையெழுத்துங்க. எனக்கு இல்லாத நெலத்த எங்கண்ணனுக்கு இல்லாத தம்பி எழுதிக் குடுக்கறான்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தக் குரலில் நடிப்பு இருந்ததா என்று வழக்கம்போல் கவனித்தேன்.

ஓய்வுக்குப் பிறகு நான் ராசிபுரத்துக்கே வந்துவிட்டேன். இந்த வருடம் மிளகு வாங்க செம்மேட்டுச் சந்தைக்குப் போனேன். சேகர்தான் வண்டி ஓட்டினான். திரும்பும்போது, சும்மா அந்தப் பக்கம் போய்வரலாம் என்றேன். சும்மா இல்லை. ஊருக்குப் போய், முருகேசனிடம் ஏதாவது பேச்சுக் கொடுத்து, கடைசியாக ஒருதடவை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. வேலை போனாலும் அந்தப் புத்தி போகவில்லை.

பலாமரத்துத் திருப்பத்தில் சேகரை நிறுத்தச் சொன்னேன்.

வேரோரம் இரண்டு ஜோடிச் செருப்பு இருந்தது. ஒன்று பழுப்புத் தோல் செருப்பு, இடது வளையத்தில் நீல நைலான் தையல். அதை ஒட்டி டயரில் வெட்டிய கறுப்புச் செருப்பு, வலது குதிகால் ஒரு பக்கம் தேய்ந்தது. இரண்டு ஜோடிப் பாதத் தடமும் ஊரைப் பார்த்துப் போயிருந்தன. ஒன்றில் வலது கால் இழுத்த கோடு தெரிந்தது.

“மேல போலாமாக்கா?” என்றான் சேகர்.

வேண்டாம், வண்டியைத் திருப்பு என்றேன்.